ஆர்.வி. வண்டியில் பிளக் பாயிண்ட் உயிர்நீத்தல்: ஓர் ஐந்திணை நோக்கு

1. ஆய்வுக் களம்

வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அவ்வூர்தி ஆர்.வி. எனப்படும். படுக்கை, அடுப்பு, குளியலறை, ஏ.சி., குடும்பச் சண்டை ஆகிய ஐந்தும் அதனுள் அடங்கும். இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரம் தன்னை உலகின் ஆர்.வி. தலைநகர் என்றே அழைத்துக்கொள்கிறது. இவ்வண்டிகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. இத்தனை இருந்தும், காலையில் காபி மெஷினைச் செருகினால் அது ஏன் வாய் திறப்பதில்லை என்னும் வினாவை அறிஞர் எவரும் மதித்ததில்லை. விடை எளிது என்பதே காரணம். எளிய விடைக்கு ஆய்வு நிதி வராது. எனவே இக்கட்டுரை அவ்விடையை இயன்றவரை கடினமாக்க முயல்கிறது (காண்க: இக்கட்டுரையாளர், "தெளிவைத் தவிர்த்தல்", அச்சில்).

2. இறப்பின் வகைகள்

பிளக் பாயிண்ட் இறப்பு பொய்யிறப்பு, தனியிறப்பு, தொகையிறப்பு என மூவகைப்படும்.

பொய்யிறப்பாவது, செருகிய பொருளே செத்துப்போயிருப்பது.

தனியிறப்பாவது, ஒரு பாயிண்ட் மட்டும் போவது. சாலைக் குலுக்கலில் பின்புறம் கம்பி தளர்ந்திருக்கும். மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். உயிரோடிருக்கும் ஆய்வாளருக்கே பட்டம் வழங்கப்படும்.

தொகையிறப்பாவது, பல பாயிண்டுகள் ஒருசேரப் போவது. இதை விளங்கிக்கொள்ள 30 ஆம்ப் வண்டி, 50 ஆம்ப் வண்டி என்னும் குலப்பிரிவை அறிய வேண்டும். 30 ஆம்ப் வண்டிக்கு 120 வோல்ட் கம்பி ஒன்று. மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் வண்டிக்கு அத்தகைய கம்பி இரண்டு. மொத்தம் 12,000 வாட். ஐம்பது முப்பதைப் போல மும்மடங்குக்கும் மேல் என்பது கணித ஆசிரியர்களை வருத்தும், நம்மை வருத்தாது. 50 ஆம்ப் வண்டியில் ஒரு கம்பி மட்டும் போனால் பாதி வண்டி சாகும், பாதி வண்டி வாழும். 30 ஆம்ப் வண்டியில் ஏ.சி., மைக்ரோவேவ், ஹேர் டிரையர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மெயின் பிரேக்கர் விழும். விழுந்த பிரேக்கரின் பிடி முழுவதும் கீழே போகாமல் நடுவில் நிற்கலாம். முழுதாக ஆஃப் செய்து பிறகே ஆன் செய்ய வேண்டும். அந்த நடுநிலைமையைப் பற்றித் தனி நூல் தேவை (காண்க: இக்கட்டுரையாளர், "நடுவில் நிற்றல்", எழுதப்படவிருப்பது, இயல் 4).

3. ஐந்திணை

எப்பொருளை எடுத்தாலும் ஐந்திணையில் அடைத்து முடிப்பது நம் முனைவர் பட்ட மரபு. நற்பேறாக, ஆர்.வி.க்கு மின்சாரம் வரும் வழிகளும் ஐந்தே.

கேம்ப்கிரவுண்ட் மின்சாரம் பாலை. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஏ.சி. போட, 120 இருக்க வேண்டிய வோல்ட் 104-க்கும் கீழே சரிகிறது. காவல் கருவி இணைப்பைத் துண்டிக்கிறது. உரிப்பொருள் பிரிதல்.

சோலார் முல்லை. கார்காலத்து மேகத்தின் கீழ் வெயில் வரும் வரும் என்று ஆற்றியிருத்தல்.

ஜெனரேட்டர் மருதம். வைகறையில் அதை இயக்கினால் பக்கத்து வண்டிக்காரருடன் ஊடல் உறுதி.

பேட்டரி நெய்தல். முழுதாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் ஈயப் பேட்டரி, பாதி தீர்ந்தபின் 12.1-ஐ ஒட்டி நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்து இரங்கல்.

இன்வெர்ட்டர் குறிஞ்சி. 12 வோல்ட் 120 வோல்ட்டாக மாறும் கூடல் அங்கே நிகழ்வதால் புணர்தல்.

"விளக்கு எரிகிறதே, பாயிண்ட் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?" என்று புதிதாக வண்டி வாங்கியவர் கேட்பார். விளக்கும் தண்ணீர் பம்பும் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுவன; பாயிண்ட் கேட்பது 120. கேம்ப்கிரவுண்ட் இணைப்போ ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இல்லாமல் அது உயிர்பெறாது. இதைத் திணை மயக்கம் என்க. இச்சொல்லைப் போட்டுவிட்டால் புறத்தேர்வாளர் அதற்குமேல் படிக்கமாட்டார் என்பது கூடுதல் பயன்.

4. பொத்தான் இயல்

இனி ஆய்வின் இதயத்துக்கு வருவோம். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்ஸியல், மனித உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று ஆராய்ந்தவர். 1961-இல் அவர் கண்டுபிடித்த கருவியே இன்று ஜி.எஃப்.சி.ஐ. எனப்படுவது. ஒரு கம்பியில் போன மின்சாரம் மறு கம்பியில் அப்படியே திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். சுமார் 5 மில்லியாம்ப் குறைந்தாலும், யார் உடல் வழியாகவோ போய்விட்டது என்று கொண்டு உடனே இணைப்பை வெட்டும். அவருடைய ஆய்வு மனித உயிரைக் காத்தது. ஆய்வுலகில் இது பொது விதியன்று.

இக்கருவி தனக்கு மட்டும் காவலன்று. தன்னோடு கோத்த மற்றப் பாயிண்டுகளுக்கும் காவல். ஆர்.வி.யில் இது பெரும்பாலும் குளியலறையில் இருக்கும். வண்டியின் வெளிப்புறப் பாயிண்டும், பல வண்டிகளில் சமையல் மேடைப் பாயிண்டும் இதன் வால்பிடித்தே வாழும். ஆகவே மழையில் வெளிப் பாயிண்ட் நனைய, சமையலறையில் காபி சாக, குளியலறையில் மருந்து கிடைக்கிறது. குற்றம், தண்டனை, மன்னிப்பு மூன்றும் மூன்று இடங்களில்.

ரீசெட் பொத்தானின் இருப்பிடம் பற்றி மூன்று பள்ளிகள் உண்டு. ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் என்பர் குளியலறையர். அலமாரிக்குள் என்பர் அலமாரியர். இரண்டிடத்திலும் தேடாமலே மெக்கானிக்கை அழைத்துவிடுவோர் மூன்றாம் பள்ளி. எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. பொத்தானை அமுக்குவது பெருவிரலா சுட்டுவிரலா என்பது அடுத்த பூசல். இரண்டு விரலாலும் அது அமுங்கும் என்ற உண்மை இவ்விவாதத்துக்குத் தடையாக இருப்பதால் இங்கே விலக்கப்படுகிறது (காண்க: இக்கட்டுரையாளர், "விரலும் விதியும்", முதற்பதிப்பு வராத நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரை, அதற்கு இக்கட்டுரையாளரே எழுதிய மறுப்பு, அம்மறுப்பைக் காழ்ப்புணர்ச்சி என்று சாடி அவரே எழுதிய மதிப்புரை, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு).

பொத்தான் அமுங்கி நிற்காவிட்டால்? புதிய வகைக் கருவிக்கு மின்சாரமே வராதபோது அது நிற்காது. பிரேக்கரைப் பார்க்க வேண்டும். நின்று, மீண்டும் மீண்டும் விழுந்தால், செருகிய எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிக் கசிவு எங்கே என்று காண வேண்டும். மேற்கண்ட இரண்டு வாக்கியங்களும் பயனுள்ளவையாக அமைந்துவிட்டதற்கு வருந்துகிறோம்.

5. கருவி இயல்

பாயிண்டில் செருகிப் பார்க்க மூன்று விளக்குச் சோதனைக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கும். இரண்டு மஞ்சள் விளக்கு எரிந்தால் இணைப்பு சரி என்று பொருள். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது; அப்போதும் இரண்டு மஞ்சளை ஏற்றிச் சரி என்றே சொல்லும். துறைத்தலைவர், நெறியாளர், புறத்தேர்வாளர் ஆகிய மூவர் ஒப்பமிட்ட ஆய்வேடுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கேம்ப்கிரவுண்ட் பெட்டியில் செருகுமுன் மீட்டர் வைத்து வோல்ட் பார்ப்பது மேல். 30 ஆம்ப் ஆர்.வி. சாக்கெட்டை, துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான இணைப்பென்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீசியன்கள் உண்டு. அதில் செருகிய வண்டியில் மைக்ரோவேவ் முதல், 120 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வரை கருகிப்போகலாம். இத்துயரத்துக்குத் திணை இல்லை; கைக்கிளை, பெருந்திணை இரண்டும் பொருந்தவில்லை.

6. ஆய்வு எல்லை

பிரேக்கரைப் பார், பொத்தானை அமுக்கு, அப்புறம் கம்பியைப் பார் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாமே என்று ஆர்.வி. மெக்கானிக் எவரேனும் கேட்கக்கூடும். அவருக்கு மணிக்கணக்கில் கூலி. நமக்குப் பக்கக்கணக்கில் பதவி உயர்வு.