செயலாளர் மிஸ்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் டிவிஷனுக்கு ஒருவராவது இவரைப் போல இருப்பார். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ கலைப் பட்டத்தை முடித்துவிட்டு, பெட்டி படுக்கையோடு உடரட்ட மெனிக்கேயில் வந்து இறங்கியவர். இறங்கிய கையோடு சங்கத்தில் சேர்ந்துவிடுவார். எந்தச் சங்கம் என்று கேட்கக்கூடாது. இருக்கிற சங்கம் எல்லாம்.

கெம்பஸில் இருந்தவரை இவருக்குச் சங்கம் என்றாலே காய்ச்சல் வரும். இந்து மாணவர் சங்கத்துக்கு வரச் சொல்லி சீனியர் அக்கா கூப்பிட்டால் அசைன்மென்ட் இருக்கும். தமிழ்ச் சங்கம் கூப்பிட்டால் வயிற்றுவலி. மகாபொல காசு விழுந்த அன்று சந்தாக் கொப்பியோடு யாராவது ஹொஸ்டல் பக்கம் வந்தால், குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் ஆளே மாறிவிட்டார். கெம்பஸில் பார்க்கிறவர் எல்லாம் பட்டதாரி ஆகப்போகிறவர்; இந்த லயத்தில் இவர் ஒருவர்தான். வேலை கிடைக்கும்வரை பட்டத்துக்கு ஓர் உபயோகம் வேண்டாமா? முதலில் வேலையற்ற பட்டதாரிகள் சங்கம். பதுளை டவுனில் பதாகை பிடித்தார். பிறகு படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவியர் சங்கம். கடைசியில் தோட்டத்து மாதர் சங்கம். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

பட்டம் வாங்கிய பிறகு சங்கத்தில் சேர்கிறவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் ஹவார்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவிகள் 1908இல் ஆல்பா கப்பா ஆல்பா என்று ஒரு சகோதரிகள் சங்கம் தொடங்கினார்கள். படிக்கும்போது சேராமல் விட்டவர்கள் பட்டம் வாங்கிய பிறகும் சேரலாம். அவர்களுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு. ஆனால் சும்மா போய்ச் சேர முடியாது. சிபாரிசு வேண்டும், கட்டணம் வேண்டும், சடங்கு வேறு. நம் மாதர் சங்கத்தில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. "உறுப்பினரா சேரலாம்னு..." என்று இவர் ஆரம்பித்தார். "புள்ள படிச்சவ, எழுதட்டும்" என்று தலைவியம்மா மினிட்ஸ் கொப்பியைக் கையில் திணித்துவிட்டார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒருவர் கூடையை இறக்காமலே முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெயர் மட்டும் பதிவானது.

அன்றிலிருந்து இவர் செயலாளர் மிஸ். பதுளையில் மும்மொழியிலும் ரப்பர் சீல் செய்து வந்து கைப்பையிலேயே வைத்திருக்கிறார். தண்ணீர்க் குழாய்க்குத் தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம். கடிதம் நாலு வரி என்றால், கீழே 'பிரதி' என்று போடும் பட்டியல் பத்து வரி. கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பி.ஏ. சிறப்பு. அந்த அடைப்புக்குறிக்காகத்தான் கடிதமே என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன கூட்டத்து மினிட்ஸை வாசிக்கும்போது குரலே வேறு. "சிறுவர் பராமரிப்பு நிலையத்தின் கூரையூடாக மழைநீர் உட்புகுவது தொடர்பில் சபை ஆழ்ந்த கவலை தெரிவித்தது." எல்லாரும் பயபக்தியோடு கேட்டார்கள். முடிந்ததும் ஓர் ஆயா எழும்பினார். "எல்லாம் சரி மிஸ்ஸு. நம்ம பிள்ளக்காம்பரா ஒழுகுதே, அதப் பத்தி ஒண்ணும் எழுதலயா?"

தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் பதுளைக்குப் புறப்படும் ரயில் மலையைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றியதைப் பார்த்து எஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மாதர் சங்கக் கூட்டமும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயில் புறப்பட்டு, தீபாவளி முற்பணம், கோயில் திருவிழா, யார் மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனாள் என்றெல்லாம் சுற்றி, தண்ணீர்க் குழாய்க்குக் கீழேயே வந்து நிற்கும். மினிட்ஸில் மட்டும் 'விரிவாக ஆராயப்பட்டது'.

ஒருவழியாக அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வந்தது. காலையில் பதுளை பஸ், திரும்பும்போது இருட்டு. சங்கத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். யாப்புப்படி கடிதங்களைச் செயலாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆகவே தானே எழுதி, தானே பெற்று, திகதியோடு சீல் அடித்து, அடுத்த கூட்டத்தில் தானே எழும்பி வாசித்தார். கொஞ்சம் தொண்டையும் அடைத்தது.

தலைவியம்மா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க புள்ள. இதே மாதிரி தண்ணிக் குழாய்க்கும் ஒண்ணு எழுதிரு."