வேகமானி முகப்பெழுத்தியல்: மோரிஸ் மைனரை முன்வைத்து ஒரு விசாரணை

கல்வெட்டும் செப்பேடும் படிக்க நாட்டில் ஆள் இருக்கிறது. பழைய கார் மீட்டரின் அடிவிளிம்பில் பொடியாக அச்சாகியிருக்கும் எழுத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை. இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுப்பொருள் மோரிஸ் மைனர்: இங்கிலாந்தில் 1948இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிக் காட்டிய கார்.

முதற்கண் ஓர் ஐயம்: மீட்டருக்கு வேகம் தெரியுமா? தெரியாது என்க. கியர்பாக்ஸிலிருந்து ஏறி வரும் கேபிள் சுற்றுகிறது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். உள்ளே இருப்பது ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. கேபிளோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணம் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் போகவிடாமல் இழுக்கும். இந்த இழுபறியில் முள் நிற்கும் இடத்தையே நாம் வேகம் என்கிறோம். மைல் எண்ணும் சக்கரங்களுக்கோ காந்தத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. அவை பல்சக்கர வழியில் வந்தவை. ஆகவே காந்தம் தளர்ந்த மீட்டரில் முள் குறைத்துச் சொல்லும், மைல் கணக்கு மட்டும் பிசகாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி.

இனி முகப்பெழுத்து. ஸ்மித்ஸ் மீட்டராயின், எஸ்.என். என்று தொடங்கும் மாதிரி எண் ஒன்றும், வேறாக மூன்று அல்லது நான்கு இலக்க எண் ஒன்றும் காணப்படும். பின்னதில் 1440 என்றிருக்கக் கண்டு, அதை மீட்டர் செய்த ஆண்டு எனக் கொள்வார் ஒரு சாரார். அற்றன்று, 1440இல் கார் இல்லை. ஒரு மைல் ஏறுவதற்குக் கேபிள் சுற்றவேண்டிய சுற்றுகளின் எண்ணிக்கை அது. அமெரிக்க மீட்டர்களில் இது பெரும்பாலும் 1000.

வட்டம் பொருந்துகிறது, திருகும் பொருந்துகிறது, எனவே மீட்டர் பொருந்தும் என்பது பழைய ஸ்பேர் சந்தைகளில் செல்வாக்குள்ள கொள்கை. இதை மைனரே மறுக்கும். 948 சிசி வண்டியின் பின்அச்சு விகிதம் 4.555, 1098 சிசி வண்டியில் 4.22. பின்னதின் டிஃப்ரென்ஷியலை முன்னதில் மாட்டி, மீட்டரை அப்படியே விட்டால், வண்டி உண்மையில் அறுபதில் போகும்போது முள் ஐம்பத்தைந்தரை காட்டும். போலீஸ்காரரிடம் இந்த வாதம் எடுபடாது.

சரியான எண்ணைக் காண்பதற்குக் கள ஆய்வே வழி. மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்கம்பியின் நுனியில் சிறு காகிதக் கொடி ஒட்டுக. நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஆறு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளுக. தள்ளுவதற்கு வீட்டில் அரைப் பரீட்சை விடுமுறையில் இருப்பவர்கள் உகந்தவர்கள். கொடியை எண்ணும் பொறுப்பு மட்டும் ஆய்வாளருடையது. ஜாக்கி வைத்து ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றினால் ஆகாதா எனின், ஆகாது: டிஃப்ரென்ஷியல் பாதியை விழுங்கிவிடும், விடை பாதியாகும். பிறகு சக்கர மையத்திலிருந்து தரை வரை அங்குலத்தில் அளந்து, கொடிச் சுற்றை 1680ஆல் பெருக்கி அந்த அங்குலத்தால் வகுக்க. 1680 எங்கிருந்து வந்தது எனின், மைலுக்கு 63,360 அங்குலம். ஆறு சுற்றில் வண்டி நகரும் தூரத்தால் வகுத்துப் பார்ப்போர் தாமே காண்பர். கொடி ஒன்பதரை, உயரம் 11 அங்குலம் என்றால் விடை 1451. முகப்பில் 1440 உள்ள மீட்டர் கிடைத்தால் மாட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

கிடைத்தது 1000 என்றால்தான் சிக்கல். வண்டி நாற்பதில் போகும், முள் ஐம்பத்தெட்டு காட்டும். இதற்கும் மருந்து உண்டு: 1451 சுற்று உள்ளே போனால் 1000 வெளியே வரும்படி ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டியைக் கேபிளின் குறுக்கே போடலாம். ஆனால் போட மறுப்போரே அதிகம். நூறு மைல் போனால் மீட்டரில் நூற்று நாற்பத்தைந்து ஏறுவதால், அதே பெட்ரோலுக்கு மைலேஜும் அந்த அளவுக்குக் கூடிவிடுகிறது. வண்டியை விற்கப் போகும்போதுதான், "இவ்வளவு ஓடிருச்சே" என்று வாங்க வந்தவர் விலையைக் குறைப்பார்.