பூனைக்கும் பிடித்துவிடும் காலம்

திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில் வீடு இருந்தால் வருஷம் முழுக்க விருந்தாளிதான். ராணிப்பேட்டை, வேலூர், காஞ்சிபுரம் என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் மலைக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொள்ளும். வேண்டுதல் அவர்களுடையது, கால் பிடித்துவிடுவது எங்கள் வீட்டுக் குழந்தைகளுடைய வேலை. மொத்தம் 3,550 படி. காலி கோபுரம் வரைக்கும் மூச்சு வாங்கும். கடைசியில், இன்னும் கொஞ்சம்தான் என்று நினைக்கும்போது முழங்கால் முறிச்சான் என்கிற ஏற்றம் வரும். புரட்டாசி சனிக்கிழமைகளில் இறங்கி வந்தவர்களின் கால்கள் எங்கள் கூடத்தில் வரிசையாக நீட்டியிருக்கும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிப் பாட்டி கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். ஆடுசதையைக் கட்டைவிரலால் உருவிக்கொண்டே வர வேண்டும். "அழுத்திப் பிடிம்மா, சாப்பிடலையா நீ?" என்று சித்தப்பா கண்ணை மூடியபடியே சொல்வார். வீட்டில் யார் காலை யார் பிடிப்பது என்பது வயதை வைத்து முடிவாகிவிடும். பிடிக்கிறவளிடம் யாரும் கேட்பதில்லை.

பூனை பரண் மேலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. அரிசி மூட்டைக்கு எலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதற்குச் சம்பளமாக மோர்ச்சாதம், எப்போதாவது பால். மடியில் வைத்துக்கொண்டால் முடி வயிற்றுக்குள் போய் ஈளை வரும் என்பார்கள். மலைக்குக் கிளம்பும்போது குறுக்கே போய்விட்டால் பாட்டி எங்களை உள்ளே கூப்பிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்துத் திரும்ப அனுப்புவாள். குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்று சொல்லி, அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க விடமாட்டாள். எங்கள் தலைமுறைக் குழந்தைகள் பசுவைத் தடவியிருக்கிறோம், கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்திருக்கிறோம். பூனையை வருடினதில்லை.

அதே வீட்டில் தாத்தா மாலையில் பூனையைப் பற்றித்தான் பேசுவார், வேறு விதமாக. ராமானுஜருக்கு அவருடைய தாய்மாமன் திருமலை நம்பி ஓராண்டு ராமாயண விளக்கம் சொன்னது இந்த அடிவாரத்தில்தான் என்பது குருபரம்பரைச் செய்தி. அதைச் சொல்லிவிட்டு அவர் குரங்குக் குட்டிக்கும் பூனைக் குட்டிக்கும் வருவார். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொண்டு போகிறது. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய் கழுத்துப் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. இறைவனைச் சரணடைவதற்கு வைணவத்தில் வடகலையார் காட்டுவது முதலாவது, தென்கலையார் காட்டுவது இரண்டாவது. இரண்டாவதை மார்ஜார நியாயம் என்று சொல்லும்போது அவர் குரலே கனிந்துவிடும். சரணாகதிக்கு எடுத்துக்காட்டாக அத்தனை உயரத்தில் வைத்த பிராணி, திண்ணையில் வந்து உட்கார்ந்தால் "ஏய், போ" என்று மேல்துண்டை வீசுவார். அன்று அது யாருக்கும் முரணாகத் தெரியவில்லை. பெரியவர்களும் நல்லவர்கள்தான், பூனைக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்று எங்கள் கூடத்தில் நீட்டிப் படுத்திருப்பது பட்டு என்ற பூனை. காவிக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு நிறம், வயது பன்னிரண்டுக்கு மேல் இருக்கும் என்கிறார் டாக்டர். ஊரும் மாறிவிட்டது. இங்கே 1955ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் மாடும் ஆடும்தான் வரும். இப்போது கூடையில் பூனையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறவர்களை அந்தப் பக்கம் பார்க்கிறேன். கைப்பேசியில் பூனை மசாஜ் வீடியோ பார்த்துவிட்டு, அதை மடியில் கவிழ்த்துப் போட்டு வயிற்றைப் பிசைகிறவர்களையும் பார்க்கிறேன். அன்று தொடவே மாட்டோம். இன்று கேட்காமல் தொடுகிறோம். பூனையின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிடித்துவிடுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அதைத் தூக்கி வராதீர்கள். நீங்கள் தரையில் உட்காருங்கள். விரலை மடக்கி அதன் மூக்கு உயரத்தில் நீட்டிவிட்டுக் காத்திருங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தைக் கொண்டுவந்து உரசினால் சம்மதம். திரும்பிப் போய்விட்டால் இன்றைக்கு இல்லை. லண்டன் பேட்டர்சீ காப்பகத்தில் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 100 பூனைகளை வைத்துப் பார்த்து 2021ல் எழுதியதும் இதைத்தான்: வருவதா போவதா என்பதைப் பூனையின் விருப்பத்துக்கு விட்டு, அதன் உடம்பு சொல்வதைக் கவனித்து, தொட வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டால், அது கடிப்பதும் பிறாண்டுவதும் குறைகிறது, நெருங்கி வருவது கூடுகிறது.

தொட வேண்டிய இடம் முகம்தான். மீசைமுடிக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்துக் கன்ன எலும்பு வழியாகக் காது வரைக்கும் மெல்ல இழுக்க வேண்டும். கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையில் பூனை கன்னத்தைத் தேய்ப்பது அந்த வாசனையை விட்டுப்போகத்தான். பிறகு இரண்டு புருவத்துக்கும் நடுவிலிருந்து உச்சிக்கு ஒற்றை விரல். காதின் அடியில் சின்ன வட்டம். இந்த இடத்துக்கு வரும்போது பட்டு தலையை என் விரலில் சாய்த்துவிடும். முழு எடையையும் கொடுக்கும். தாடைக்கடியில் சொறிந்தால் கழுத்தை நீட்டிக் காட்டும், தொண்டையிலிருந்து குர்ர் என்ற ஓசை கிளம்பும். அதற்கப்புறம் தோள். பூனையின் காறை எலும்பு வேறெந்த எலும்போடும் சேர்ந்திருப்பதில்லை, முன்கால் முழுவதையும் உடம்போடு பிடித்து வைத்திருப்பது தசைதான். குறுகிய சந்தில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடுவது அதனால்தான். நாளெல்லாம் உழைக்கிற தசை அது; இரண்டு விரலைத் தட்டையாக வைத்து வட்டமாகச் சுழற்றினால் தோல் மட்டும் அடிச்சதை மேல் நழுவுவது விரலுக்குத் தெரியும். சீத்தாப்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்க வைக்கிற அழுத்தம் போதும். முதுகில் தண்டெலும்பு மேல் கை வைக்கக் கூடாது, இரண்டு பக்கமும்தான். வால் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். எங்கெங்கே வருடினால் பூனைகள் எரிச்சல் காட்டுகின்றன என்று இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் பார்த்து 2015ல் வெளியிட்டதில் அந்த இடம்தான் முன்னால் வந்தது. வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கைக்கு அடையாளம். தடவச் சொல்லும் அழைப்பு அல்ல.

தாத்தா சொன்ன பிடரிக் கவ்வலை இப்போது வளர்ந்த பூனையிடம் செய்யக் கூடாது என்கிறார்கள். குட்டிக்குத் தாயின் வாயில் அந்தப் பிடி அடைக்கலம். வளர்ந்த பிறகு மனிதக் கை பிடரியைப் பற்றித் தூக்கினால் அது பயத்தில் உறைகிறது. அசையாமல் இருப்பதைப் பார்த்து நாம் அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

எண்ணெய் கூடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்குப் பிடித்துவிடுவது என்றாலே எண்ணெய்தான். பூனை உடம்பில் படுவதெல்லாம் கொஞ்ச நேரத்தில் அதன் நாக்குக்குப் போய்விடும். கற்பூரம், நீலகிரித் தைலம், டீ ட்ரீ ஆயில், வலிக்குத் தேய்க்கிற பாம் எல்லாமே அதற்கு விஷம். நம்முடைய கல்லீரல் எளிதாகக் கழித்துவிடும் பல பொருள்களைக் கழிக்கிற நொதி பூனைக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். மலையிலிருந்து இறங்கி வந்து முழங்காலில் தைலம் தேய்த்த கையோடு பட்டுவை நோக்கி வருகிற எந்த உறவினரையும் நான் முதலில் குழாயடிக்கு அனுப்புகிறேன். "பூனைக்கு இவ்வளவு மரியாதையா அக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்கிறேன்.

மரியாதை என்ற சொல்லுக்கு இந்த அடிவாரத்தில் வேறொரு கனமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நடைபாதையில் பெற்றோரோடு போன ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. எங்கள் தெருவில் அன்று யார் வீட்டிலும் சரியாகச் சமையல் இல்லை. பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை நடந்து மலையேற விடுவதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். அந்த நாள்களில் பட்டு சுவரோரம் பதுங்கி நடப்பதைப் பார்த்தாலே பக்கத்து வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதே தோள், அதே பதுங்கல்தான். மடியில் உறங்கினாலும் பூனை தன் காட்டைக் கொண்டுதான் வருகிறது. வால் நுனி துடித்தாலோ, முதுகுத் தோல் அலை போல் ஓடினாலோ, காது பக்கவாட்டில் மடங்கினாலோ, தலை சட்டென்று கை பக்கம் திரும்பினாலோ கையை எடுத்துவிட வேண்டும்.

மலைப்பாதையின் தொடக்கத்தில் தலையேறு குண்டு இருக்கிறது. அந்தப் பாறையில் தலையையும் முழங்காலையும் வைத்து வணங்கினால் ஏறும்போது வலி வராது என்று நம்பிக்கை. எத்தனையோ தலைமுறைகள் முழங்கால் வைத்த இடம் குழிந்தே போயிருக்கிறது. மனிதனுக்கு வலியைச் சொல்ல ஒரு பாறையாவது இருக்கிறது. பூனை வலியை மறைக்கும் பிராணி. அமெரிக்காவில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002ல் வெளியிட்ட ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு தெரிந்தது. பழைய வீட்டுப் பரணிலிருந்து இறங்காமலே கிடந்த கிழட்டுப் பூனையைச் சோம்பேறி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பட்டுவிடமும் இந்த வருஷம் மூட்டுத் தேய்வு தெரிந்தது, தெரிந்தது விரலுக்குத்தான். தோளிலிருந்து கீழே வரும்போது இடது இடுப்பருகில் தசை மெலிந்திருந்தது. தொட்டதும் தோல் சுருங்கியது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அமுக்கவே வேண்டாம், வெதுவெதுப்பான துணி வைத்தால் போதும் என்றார். ஜன்னலுக்கு ஏற ஒரு தாழ்ந்த பலகை, மண் தட்டுக்கு உயரம் குறைந்த விளிம்பு, மாதத்துக்கு ஒருமுறை எடை. தினமும் பிடித்துவிடுகிறபோது எங்கே சுருங்குகிறது, எங்கே சூடாக இருக்கிறது, முடிச்சு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். அடுத்த முறை போகும்போது அவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.