செவ்வாய்க்கிழமை ஊர்

கே: இங்கிலாந்தில் சின்னச் சந்தை ஊரில் குடியேறினால் பொழுது போகுமா?

ப: செவ்வாய்க்கிழமையானால் நிச்சயம் போகும்! லெஸ்டர்ஷயரில் உள்ள மெல்டன் மோப்ரேயைச் சொல்கிறேன். 1086-ஆம் ஆண்டு நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டிலேயே அந்த ஊர்ச் சந்தை பதிவாகியிருக்கிறது. இன்றும் செவ்வாயன்று ஆடு மாடு ஏலம் உண்டு. ஊரின் பெருமை, பன்றிக்கறி ‘பை’ (pie). கறி வேண்டாதவர்களுக்கு, பக்கத்துக் கிராமமான லாங் கிளாசனில் தயாராகும் ஸ்டில்டன் சீஸ். (மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சாப்பிட்டுப் பாருங்கள்.) வேடிக்கை என்னவென்றால், கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கும் ஸ்டில்டன் கிராமத்தில் அந்தப் பெயரில் சீஸ் செய்யச் சட்டம் இடம் தராது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றுக்கும்தான் உரிமை. பெயர் வைத்த தாய்மாமனுக்குப் பந்தியில் இலை இல்லை!

கிராமத்தில்தான் வீடு என்றால், முதலில் காரை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள்.