அத்தான் சொன்ன தகடு

லாஸ் ஏஞ்சல்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

"காரில் ஒரு வால்வு மாத்தவா இவ்வளவு கூத்து? பட்டறையில் குடுத்தா தகடு வெட்டி அடைச்சிருவாங்களே" என்று அத்தான் கேட்டாராமே. அடைத்துவிடுவார்கள்தான். அவருடைய ஜீப் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா!

இங்கே அந்த வேலை ஆகாது. கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை. பாஸானால்தான் ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிப்பார்கள். என் கார் 1997 மாடல். 1999 வரை வந்த வண்டிகளை உருளை மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே 15 மைல் வேகம், 25 மைல் வேகம் என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் பானட்டைத் திறந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஸ்டிக்கரோடு ஒப்பிடுகிறார்கள். தகட்டைக் கண்டால் அங்கேயே ஃபெயில்.

சட்டத்தின் அழகைக் கேள். 1975 மாடல் வரைக்குமான பெட்ரோல் காருக்குச் சோதனையே கிடையாது. எட்டு வருஷம் ஆகாத புதுசுக்கும் கிடையாது. பணம் மட்டும் கட்டினால் போதும். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் 1968 கார் கிளம்பினால் தெருவே இருமும். அதைச் சோதனைக்குக் கூப்பிட ஆளில்லை! கல்யாண வீட்டில் கிழடுகள் நாற்காலியில், பொடிசுகள் விளையாட்டில். சாம்பார் வாளி தூக்குகிறவன் நடுவயசுக்காரன். என் கார் அந்த ரகம். ஓட்டுகிறவனும் அதே ரகம், ஆனால் என்னை இன்னும் உருளையில் ஏற்றவில்லை.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1943 ஜூலையில் இந்த ஊரைப் புகை மூடியபோது, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று பயந்தார்களாம். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானிதான் பிற்பாடு, கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை இது என்று கண்டுபிடித்தார். மனுஷர் அன்னாசியோடு நின்றிருந்தால் நான் ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருப்பேன்.

சோதனையில் என் கார் மாட்டியது நைட்ரஜன் ஆக்சைடில். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே ஊட்டுவதுதான் இந்த இ.ஜி.ஆர். வால்வின் வேலை. அப்போது உள்ளே சூடு தணியும், அந்த விஷமும் குறையும். இதில் டயாஃப்ரம் கிழிந்து, கரி அப்பிப்போய்க் கிடந்தது. மெக்கானிக் சொன்ன கூலிக்கு ஊரில் ஒரு பழைய ஸ்கூட்டர் கிடைக்கும். புது வால்வும் கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கிவிட்டேன்.

மாட்டியபின் ஒரு சோதனை உண்டு. இன்ஜினை ஸ்லோவில் விட்டு, கைப்பம்பால் வால்வின் காற்றை உறிஞ்ச வேண்டும். இன்ஜின் திணறி அணைந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். என்னுடையது அசையவே இல்லை, ஜம்மென்று ஓடுகிறது! புகை வருகிற பாதையே அடைபட்டிருக்கிறது. மேனிஃபோல்டைக் கம்பியால் குடைந்து குடைந்து, கடைசியில் பம்பை இழுத்தேன். வண்டி குலுங்கிச் செத்தது. நான் குதித்த குதியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தாத்தா கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதுதான், அக்கா, எனக்குத் தாங்கவில்லை. நம் தெருவாக இருந்தால் பானட்டைத் தூக்கின உடனே நாலு பேர் குனிந்திருப்பார்கள். ஒருத்தன் ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பான், ஒருத்தன் "நான் அப்பவே நினைச்சேன்" என்றிருப்பான். இங்கே டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நானே எனக்கு யோசனை சொல்லிக்கொண்டேன்.

கார் பாஸாகிவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடு அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்பியிருக்கிறேன், பட்டறையிலும் காட்டச் சொல்.

உன் மருமகன் லைசன்ஸ் எடுக்கப்போகிறான். இந்தக் காரை அவனுக்கே தருகிறேன் என்றேன். வேண்டாமாம், 1974 மாடல் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்கிறான். சட்டத்தை முழுக்கப் படித்திருக்கிறான்.

அன்புடன்,
தம்பி