பெரட்டுக்கு வராத கோழி

பேராக் மாநிலத்தில், அதிலும் ஈப்போ நகரின் சந்தடி ஓய்ந்து சுண்ணாம்புக் குன்றுகளும் செம்பனைக் காடுகளும் தொடங்குகிற எல்லைப் பிரதேசத்தில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை பிடித்து நின்ற பூமியில் இப்பொழுது ஒரே அச்சில் வார்த்தாற்போல் முளைத்திருக்கும் தாமான் வீடுகளுக்கு நடுவே, அந்தி மயங்கும் வேளையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச் லைட்டும் மறு கையில் பேரப்பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகமுமாகக் கொல்லைப்புறத்தில் நின்று, முணுமுணுவென்று எதையோ ஜபிக்கிறவர் எவரையேனும் நீங்கள் கண்டால், சந்தியாவந்தனம் நடக்கிறதென்று மயங்கிவிட வேண்டாம். அவர் கோழி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சுங்கை சிப்புட்டிலும் இவர் உண்டு, தாப்பாவிலும் உண்டு, பீடோரிலும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலும் ஒருவர் இருப்பதால், இந்த இனத்தின் சுபாவங்களை வேலிக்கு இப்பால் நின்று ஆராயும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக உத்தியோகம் பார்த்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனையில் பாதி போய்த் தாமான் வந்ததையும், ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததையும், வந்த வேகத்தில் அது இந்த வீடாக உருமாறியதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர். "தம்பி, இப்ப என் குசினி இருக்குதே, அங்கதான் பால் கொட்டகை" என்று அவர் சொல்லும்போது, மறுத்துச் சாட்சி சொல்ல ஒரு மரம்கூட அக்கம்பக்கத்தில் மிச்சமில்லை. 1877ஆம் ஆண்டில் குவாலா கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று விருட்சமாகி, பெயர்ப்பலகையும் கௌரவமுமாக இன்றைக்கும் நிற்கிறதல்லவா? அந்த மரத்தின் சந்ததிகளிடம் ஆயுள் முழுக்கப் பால் எடுத்தவருக்குப் பெயர்ப்பலகை கிடைக்கவில்லை. பதினாறு கோழிகள்தாம் கிடைத்தன.

ஆனால் அந்தப் பதினாறும் அவருக்கு வெறும் கோழிகளல்ல, பதினாறு ஆள். விடியற்காலையில் பால் நன்றாக இறங்கும் என்பதற்காக இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்களத்தில் ஜனங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட குரல், தோட்டம் மறைந்தபின் போக்கிடம் தெரியாமல் தொண்டையிலேயே தங்கிவிட்டது போலும். காலையில் கூண்டைத் திறக்கும்போது ஒரு பெரட்டு, மாலையில் அடைக்கும்போது ஒரு பெரட்டு. சாம்பலி, கொண்டைக்காரி, பெரிய கிராணி, ஆயாம்மா என்று ஒவ்வொன்றுக்கும் செக்ரோலில், அதாவது அந்த நோட்டுப் புத்தகத்து வருகைப் பதிவேட்டில், பெயர் உண்டு. சதா யாருடைய குஞ்சையாவது மேய்த்துக்கொண்டு திரிவதனால் ஆயாம்மா. எதுவும் செய்யாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாவுவதனால் பெரிய கிராணி.

"என்ன அண்ணே, எல்லாரும் வந்தாச்சா?" என்று நான் வேலிக்கு மேலாக விசாரிப்பது வழக்கம்.

"பதினஞ்சு தம்பி. ஒண்ணு லீவு."

கோழி செத்தது என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. முதல் நாள் லீவு; இரண்டாம் நாளும் வராவிட்டால் 'ஆப்சென்ட்'; மூன்றாம் நாள் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சித்திரம் பூர்த்தியாகாது. பார்க்கிறவர்கள் அதைத் தகரமும் கம்பியும் பழைய கட்டில் சட்டமும் கலந்த குப்பை மேடு என்று நினைக்கலாம். உண்மையில் அது ஒரு சரித்திர நூல். ஆதியில் இருந்தது நாலு கழியும் ஒரு வலையுமே. பின்புறத்துக் கால்வாய் வழியாக நீந்தி வந்து, வேலிக்கடியில் மண்ணைப் பறித்து நுழைந்து, அடைமுட்டை அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் விழுங்கிவிட்டுப் போன உடும்பின் ஞாபகார்த்தமாக அடிப்பாகத்தில் சிமெண்டுப் பலகைகள் புதைக்கப்பட்டன. ஆகாயத்திலிருந்து வந்த அபாயத்துக்காக மேலே வலை விரித்தார். அந்த வலையைச் சுண்ணாம்புக் குன்றிலிருந்து கூட்டமாக இறங்கிய குரங்குகள் பிரித்துப் பார்த்து விளையாடியபடியால் வலைக்கு மேல் தகரம் போட்டார். பக்கத்துப் பெரிய கண் கம்பிவலைக்குள் பாம்பு தலையை நீட்டியதனால் அதற்கு உட்புறம் சிறிய கண் வலை வந்தது. கடைசியாக ஒரு தீபாவளிக்கு முந்திய இரவில் மூன்று சேவல்கள் ஓசையின்றி மறைந்ததிலிருந்து, "ரெண்டு கால் மூசாங்கு", அதாவது இரண்டு கால் மரநாய், என்று அவர் சூசகமாகக் குறிப்பிடும் பிராணியை உத்தேசித்து ஒரு பூட்டும் தொங்குகிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு தோல்வியின் கல்வெட்டு. மனிதர்கள் வெற்றிக்குத்தான் ஸ்தூபி எழுப்புவார்கள் என்று படித்திருக்கிறேன். தோல்விக்குத் தோல்வி ஒரு சுற்றுச்சுவர் எழுப்பியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே.

அவருக்கு நேர்ந்த தர்மசங்கடம் இன்னும் விசேஷமானது. எதிரிகளில் பெரும்பாலோர் தெய்வாம்சம் பொருந்தியவர்கள். வெண்கழுத்தும் செம்பழுப்புச் சிறகுமாகச் செம்பருந்து தாமானுக்கு மேல் வட்டமிடுகையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், அது கருடாழ்வார். அதே பட்சி கொஞ்சம் தாழ இறங்கினால், கன்னத்திலிருந்த கை கல்லைத் தேடும், அது பருந்து. குன்றின் மேலிருக்கும் மட்டும் ஆஞ்சநேயர், கூரைக்கு வந்துவிட்டால் குரங்கு. புற்றுக்குள் நாகம்மா, முட்டைக் கூடைக்குள் பாம்பு. பக்திக்கும் விரோதத்துக்கும் இடையில் எத்தனை அடி தூரம் இருக்க வேண்டுமென்பதை இவ்வளவு திட்டமாக வரையறுத்த வேதாந்தி வேறொருவர் இருக்க முடியாது.

இந்தச் சங்கடம் எதுவுமின்றி மனப்பூர்வமாக வெறுப்பதற்கு அவருக்கு வாய்த்த ஒரே பிராணி மூசாங். மரநாய் என்று நாம் புத்தகத்தில் படிக்கிற இந்த இராச் சஞ்சாரி எந்தத் தெய்வத்துக்கும் வாகனமாக இல்லை. புராணத்தில் அதற்கு வக்காலத்து வாங்க ஆளும் இல்லை. பப்பாளி, ரம்புத்தான் என்று பழம் தின்று திரிகிற அது, ருசி மாற்றம் வேண்டும்போது அவர் கொல்லைக்கு வருகிறது. அதன் உடலில் பாண்டான் இலையின் வாசம் வீசுமென்பதால் மலாய்க்காரர்கள் 'மூசாங் பாண்டான்' என்றே அழைக்கிறார்கள். ஆகவே நள்ளிரவில் ஜன்னல் வழியே நாசி லெமாக் வேகிறாற்போல் ஒரு சுகந்தம் மிதந்து வந்தால், மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். இவர் பாராங் என்கிற வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். பாராங் இதுவரை வாழைமரத்துக்கு மட்டுமே காயம் விளைவித்திருக்கிறது. வேறு எதற்கும் விளைவிக்காதிருப்பதே நலம்; ஏனெனில் மூசாங், மலைப்பாம்பு, உடும்பு யாவும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் சௌக்கியமாக வாழ்கிறவை. "எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு. கோழிக்குத்தான் மண்டோரைத் தவிர நாதி இல்ல" என்று ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் ஆறும்வரை அவர் ஆற்றிய பிரசங்கத்தை நானே கேட்டிருக்கிறேன்.

மலைப்பாம்பு வந்த கதையை மட்டும் அவர் சொல்லமாட்டார். அவர் மனைவிதான் சொல்வார். சிறிய கண் வலையில் ஒரு மூலை துருப்பிடித்துத் திறந்திருந்ததை இவர் கவனிக்கவில்லை, பாம்பு கவனித்தது. உள்ளே நுழையும்போது சரியாக இருந்த வாசல், இரண்டு கோழிகளை உட்கொண்டபின் போதவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனவர் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, விருந்தாளி வீட்டை விட்டுப் போக முடியாமல் சுருண்டு படுத்திருக்க, பதினான்கு பேரும் மேல் கழியில் நெருக்கியடித்துக்கொண்டு, தோட்ட வரலாற்றிலேயே காணாத ஒழுங்கோடு வரிசையில் நின்றார்கள். தீயணைப்புப் படையான பொம்பா வந்து பாம்பைக் கோணிச்சாக்கில் போட்டுக் கட்டியது. நீளம் எத்தனை அடி என்று பொம்பாக்காரர் சொன்ன கணக்கும் ஒட்டுக்கடையில் இவர் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. அன்று மாலை செக்ரோலில் மட்டும், பாம்போடு போன இருவரின் பெயருக்கு நேரே லீவு என்றே எழுதியிருந்தது. "வயித்துக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சும் லீவுன்னு எழுதுறாரு பாருங்க தம்பி!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

அடைவைப்பது என்றால் இவர் ஒரு புரோகிதர். கிண்டா பள்ளத்தாக்கிலே மத்தியானத்துக்குமேல் இடி இடிப்பதற்குக் காரணமே வேண்டியதில்லை. இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அவருடைய பாட்டி ஊரிலிருந்து கப்பலேறும்போதே கொண்டுவந்த சாஸ்திரம். ஆகையினால் கூடையில் வைக்கோலுக்கடியில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் தவறாமல் வைப்பார். அந்த இரும்புத் துண்டு, தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தியின் அலகு. இருபத்தொரு நாள் அவர் வீட்டில் யாரும் கதவை அறையக்கூடாது. டெலிவிஷனில்கூட யுத்தக் காட்சிக்குத் தடை.

இவ்வளவு சம்ரட்சணையும் எதற்காக, தின்பதற்கா என்று கேட்பீர்கள். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குப் பாசாரிலிருந்துதான் கோழி வருகிறது. தம் கோழியைத் தாமே தின்பது, செக்ரோலில் இருக்கிற ஆளைத் தின்பதற்குச் சமானம் என்பது அவர் கட்சி. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரை வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஜூன் முதல் தேதியோடு அரசாங்கம் நிறுத்தி, ஜூலையில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்சவிலை நிர்ணயித்தபோது, தாமான் முழுவதும் இவரை ஒரு நிதி மந்திரியைப் போல் பார்த்தது. "அண்ணே, ரெண்டு கொடுங்களேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஆள் பத்தல தம்பி" என்று பதில் வந்தது. வாங்கிப்போட்ட சோளம், தவிடு, கம்பி, தகரம், பூட்டு எல்லாவற்றையும் கூட்டி, கிடைத்த முட்டைகளால் வகுத்துப் பார்த்த அவருடைய மூத்த மகன், ஒரு முட்டையின் விலையைத் தகப்பனாரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதாகக் கேள்வி.

ஒரே ஒரு சேவலைப் பழைய தோட்டத்து முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டிருந்தார். திருவிழா வரும்போதெல்லாம், "இந்த வருசம் இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார். முனீஸ்வரர் பொறுமைசாலி, மூசாங் அப்படியல்ல. அந்தச் சேவல் போன இரவுக்கு மறுநாள் நான் துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் முகத்தில் விசித்திரமானதொரு சாந்தி நிலவியது. "நேர்த்திக்கடன் முடிஞ்சுது தம்பி. முனி எந்த ரூபத்துல வந்தா நமக்கென்ன?" என்றார். மூசாங்குக்கும் கடைசியில் ஒரு தெய்வம் கிடைத்துவிட்டது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு மாலையில் வேலிக்கப்பால் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். டார்ச்சை அணைக்காமலே அவர் சிலைபோல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, யாராவது லீவா?"

"பதினேழு இருக்குது தம்பி."

குறைந்த கணக்கைப் பார்த்துப் பழகியவரைக் கூடிய கணக்கு நிலைகுலையச் செய்துவிட்டது. செக்ரோலில் இல்லாத ஆள் பெரட்டில் நிற்பதும், பெரட்டில் இல்லாத ஆளுக்குச் செக்ரோலில் பெயர் போடுவதும் தோட்டத்தில் எவ்வளவு பெரிய குற்றங்கள் என்பது மண்டோர்களுக்குத்தான் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தோம். மேல் கழியின் ஓரத்தில், காதருகே வெள்ளைப் பொட்டும் சாம்பல் நிறக் காலும் நெருப்புப் போன்ற பிடரியுமாக, செம்பனைக் காட்டிலிருந்து வந்த ஒரு காட்டுச்சேவல் உட்கார்ந்திருந்தது. உலகத்திலுள்ள வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இந்தச் செந்நிறக் காட்டுக்கோழிதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பேரன் சொன்னபோது, அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவரு பெரிய கங்காணி" என்று தீர்மானம் செய்து, மரியாதையாகக் கூண்டைத் தாழிடாமல் விட்டார்.

பெரிய கங்காணி ஒரு வாரம் தங்கினார். எட்டாம் நாள் காலையில் பதினான்கு பேர்தான் இருந்தார்கள். அவரோடு சாம்பலியும் கொண்டைக்காரியும் கால்வாயைத் தாண்டிச் செம்பனைக்குள் போயிருந்தார்கள். சிவப்பு மசி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீல மசியில், இரண்டு பெயருக்கும் நேரே 'வேறு தோட்டத்துக்கு மாற்றம்' என்று நிதானமாக எழுதினார். எழுதி முடித்து, கால்வாய்க் கரையில் ஒரு பிடி நொய்யைத் தூவினார்.

மறுநாள் விடியுமுன்னே செம்பனை இருட்டுக்குள்ளிருந்து, கடைசி இழுப்பை இழுக்காமல் வெடுக்கென்று அறுந்துபோகிற கூவல் ஒன்று கேட்டது. காட்டுச்சேவலின் கூவல் அப்படித்தான் இருக்கும். வேலிக்கப்பால் நோட்டுப் புத்தகத்தின் தாள் புரளும் ஓசையும் கேட்டது.

"தோட்டம் மாறினாலும் நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்துட்டாரு பாருங்க தம்பி" என்றார் மண்டோர்.