கரையைக் கட்டு, கரையை உடை

மிசிசிப்பி ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம். சில வருடங்களுக்கு ஒருமுறை படுகையை விட்டு எழுந்து ஊருக்குள் வந்துவிடும். அதைத் திருத்த வழி சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசு ஆள் பிடித்தது. பொறியாளர் சார்லஸ் எல்லெட் 1852-ல் சொன்னார்: கரை மட்டும் போதாது, நீர்த்தேக்கங்கள் வேண்டும், உபரித் தண்ணீர் போக வடிகால் வேண்டும். ராணுவப் பொறியாளர் ஆண்ட்ரூ ஹம்ஃப்ரீஸ் 1861-ல் தடிமனான அறிக்கை ஒன்றைத் தூக்கிப் போட்டு, கரையே போதும் என்றார். மறுவருடமே எல்லெட் உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு இறந்துபோனார். ஹம்ஃப்ரீஸ் 1866-ல் ராணுவத்தின் தலைமைப் பொறியாளரானார். விவாதம் இனிதே முடிந்தது.

1879-ல் ஆற்றுக்கென்றே ஓர் ஆணையம் வந்தது. அதன் சித்தாந்தம் அழகானது. இரண்டு பக்கமும் கரை கட்டி நெருக்கினால் தண்ணீர் வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அடிமண்ணை அரித்து ஆழமாகும். அதாவது தூர்வாரும் வேலையை ஆறே பார்த்துக்கொள்ளும், சம்பளம் கிடையாது. ஆற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை போலிருக்கிறது. அது ஆழமாவதை விட்டுவிட்டு உயர்ந்துகொண்டே போனது. கரையையும் உயர்த்தினார்கள். மிச்சமிருந்த இயற்கை வடிகால்களையும் அடைத்தார்கள். வெள்ளத்தின் நாசத்தைத் தடுக்கும் நிலைக்குக் கரைகள் வந்துவிட்டன என்று 1926-ல் தலைமைப் பொறியாளரின் ஆண்டறிக்கை மார்தட்டியது.

மறுவருடமே, 1927-ல், பெருவெள்ளம் வந்தது. ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை பிளந்தது. அதன்மேல் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். துப்பாக்கிக்காரர்கள் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார்கள்.

கீழே நியூ ஆர்லியன்ஸில் வங்கிக்காரர்களுக்குத் தூக்கம் போனது. யோசித்து ஒரு திட்டம் கண்டுபிடித்தார்கள்: நகரத்துக்குக் கீழே கேர்னார்வன் என்ற இடத்தில் கரையை நாமே உடைத்துவிடலாம், வெள்ளம் அந்தப் பக்கம் வடிந்து நகரம் தப்பும். அங்கே இருந்தவர்கள் சதுப்பு நிலத்தில் மஸ்க்ராட் என்ற நீரெலியைப் பொறி வைத்துப் பிடித்து, தோலை விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களிடம் வங்கி இல்லை. நஷ்டஈடு தருவதாகப் பெரிய மனிதர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சுமார் 10,000 பேர் மூட்டை கட்டினார்கள்.

ஏப்ரல் 29. வெடியைப் பார்க்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். நகரத்துச் சீமான்கள் திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள். முதல் வெடி புஸ். கொஞ்சம் மண் பறந்தது, கரை அசையவில்லை. அரசாங்கம் கட்டிய கரை தேவையான நேரத்தில் நிற்காது, உடைக்கிற நேரத்தில் விழாது! நாள்கணக்கில் வெடித்து, 39 டன் டைனமைட்டைத் தீர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. அதற்குள் மேலே பல இடங்களில் கரை தானே உடைந்து தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டது. நியூ ஆர்லியன்ஸுக்கு இந்த வெடி தேவையே இருந்திருக்காது. நஷ்டஈடா? பலருக்குச் சல்லிக்காசுகூட வரவில்லை.

1928-ல் புதுச் சட்டம் வந்தது. வடிகால் வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது. எல்லெட் செத்து 66 வருடம் ஆகியிருந்தது. பானெ காரே என்ற வடிகாலையும் கட்டினார்கள். அதே சட்டத்தின் 3-வது பிரிவில் சத்தமில்லாமல் ஒரு வாசகம்: எங்கே வெள்ளம் வந்து எது நாசமானாலும் மத்திய அரசு பொறுப்பல்ல. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் கால்வாய்ச் சுவர்கள் உடைந்து ஊர் மூழ்க, ராணுவப் பொறியாளர்கள்மீது மக்கள் வழக்குப் போட்டார்கள். 2008-ல் நீதிபதி பொறியாளர்களைக் கடுமையாகச் சாடிவிட்டு, அந்த 1928 பிரிவைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர்கள் கட்டியதிலேயே உடையாமல் நின்றது அந்தப் பிரிவு ஒன்றுதான்.